512 எம்பி சர்வரில் கம்பைல் செய்த வெப் ஆப்பை ஏற்றி, விழாமல் ஓட வைப்பது எப்படி

சின்ன சர்வர் ஒன்றை எடுத்து, உள்ளே நுழைந்து, கிட் க்ளோன் போட்டு, அங்கேயே பில்ட் கமாண்டைத் தட்டினால் பாதி வழியில் ‘கில்ட்’ என்ற ஒற்றை வார்த்தையோடு எல்லாம் நின்றுபோகும். கோடில் தப்பு இருக்காது, கம்பைலரிலும் இருக்காது. மெமரி தீர்ந்ததும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களில் எது அதிகம் தின்கிறதோ அதைப் பார்த்துப் போட்டுத் தள்ளிவிடும், நடந்தது அவ்வளவுதான். எக்ஸிட் கோட் 137 என்று வந்திருந்தால் அது 128 கூட்டல் 9, அதாவது சிக்னல் 9 வாங்கி இறந்திருக்கிறது. ‘டிமெசேஜ்’ கமாண்டின் கடைசி வரிகளைப் பார்த்தால் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று ப்ராசஸ் பெயரோடு எழுதியே இருக்கும்.

சின்ன சர்வரில் ஓட்டலாம், கட்டக் கூடாது. கோலாங்கிலோ ரஸ்டிலோ எழுதிய சாதாரண வெப் ஆப் 30, 40 எம்பி மெமரியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதே ஆப்பைக் கட்டும்போது கம்பைலருக்கும், கடைசியில் எல்லாத் துண்டுகளையும் ஒட்டுகிற லிங்கருக்கும் சேர்த்து ஒரு ஜிபிக்கு மேலேயே தேவைப்படலாம். கம்பைல் மொழிகளால் கிடைக்கும் பெரிய லாபமே இந்த இரண்டையும் வேறு வேறு மெஷினில் செய்ய முடிவதுதான், அதை விட்டுவிட்டு இரண்டையும் ஒரே இடத்தில் போட்டு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. இன்னொன்று, சராசரியாக எவ்வளவு மெமரி ஓடுகிறது என்பதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். சர்வரைக் கவிழ்ப்பது எப்போதோ ஒரு நொடி வந்துபோகும் உச்சம்தான்.

உள்ளே ஏற்கெனவே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

சர்வரில் நுழைந்ததும் ‘ஃப்ரீ மைனஸ் எம்’ தட்டுங்கள். அதில் ‘ஃப்ரீ’ என்ற நிரலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை எல்லாம் டிஸ்க் கேஷாக்கி வைத்திருக்கும், கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். நமக்கு வேண்டியது கடைசியில் இருக்கும் ‘அவெய்லபிள்’ நிரல். 512 எம்பி சர்வர் என்று சொன்னாலும் கெர்னல் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது போக மொத்தமே 512க்குக் கீழேதான் காட்டும், அதில் நம் ஆப் வருவதற்கு முன்பே கணிசமான பங்கு போயிருக்கும்.

எது தின்கிறது என்று பார்க்க ப்ராசஸ் பட்டியலை ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் உண்மையில் பிடித்திருக்கும் மெமரி) வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். உபுண்டு போட்டிருந்தால் ஸ்னாப்டி, மல்டிபாத்டி, பேக்கேஜ்கிட் மாதிரி ஆட்கள் தலைகாட்டுவார்கள். ஒரு வெப் ஆப்பை மட்டும் ஓட்டும் சர்வரில் இவற்றுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை, நீங்கள் பயன்படுத்தவில்லை என்று உறுதியானால் எடுத்துவிடலாம். பாதுகாப்பு அப்டேட்டைத் தானாகப் போடும் சேவையை மட்டும் மெமரிக்காக நிறுத்தாதீர்கள். அது ஓடும் நேரத்தில் மெமரி திடீரென்று ஏறும் என்பது உண்மைதான், அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே ஸ்வாப் (மெமரி போதாதபோது உதவ டிஸ்கில் ஒதுக்கும் இடம்) பற்றிச் சொல்லும் இடத்தில் வரும்.

இந்தப் பட்டியலில் விர்ச்சுவல் மெமரி என்று ஒரு நிரல் இருக்கும். கோலாங் ஆப்களுக்கு அங்கே ஜிபி கணக்கில் எண் வரும், அது முகவரிக்காகப் பிடித்துவைத்த இடம் மட்டுமே, உண்மையில் தொட்ட மெமரி அல்ல. ஆர்எஸ்எஸ் ஒன்றைப் பார்த்தால் போதும்.

உங்கள் மெஷினில் கட்டுவது

முதலில் சர்வரில் ‘யூநேம் மைனஸ் எம்’ தட்டி அது எக்ஸ்86-64ஆ, ஆர்ம்64ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான சின்ன சர்வர்கள் பலவும் இப்போது ஆர்ம் ப்ராசஸரில் வருகின்றன. மாற்றிக் கட்டி ஏற்றினால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ வரும், அது ஒரு விதத்தில் நல்ல எரர், பார்த்தவுடன் காரணம் தெரிந்துவிடும்.

கோலாங் என்றால் வேலை எளிது. கோஓஎஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் லினக்ஸ், கோஆர்ச்சில் ஏஎம்டி64 அல்லது ஆர்ம்64, சிகோ எனேபிள்ட் என்பதில் பூஜ்யம் வைத்துப் பில்ட் கொடுத்தால் எந்த வெளி லைப்ரரியையும் நம்பாத ஒற்றை பைனரி (ஓட்டத் தயாரான ஃபைல்) கிடைக்கும். சிகோவை (கோலாங்கோடு சி கோடை இணைக்கும் வசதி) அணைத்தால் சி லைப்ரரியை இழுக்கும் பேக்கேஜ்கள் வேலை செய்யாது, எஸ்க்யூலைட் டிரைவரில்தான் பலரும் இதில் மாட்டுவார்கள். முழுக்க கோலாங்கிலேயே எழுதிய டிரைவருக்கு மாறிவிடுங்கள், வேகம் கொஞ்சம் குறையும், சின்ன ஆப்பில் அது கண்ணில் படாது.

ரஸ்டில் மஸ்ல் (சின்னதான ஒரு சி லைப்ரரி) டார்கெட்டைச் சேர்த்து ரிலீஸ் பில்ட் எடுத்தால் அதே மாதிரி ஒற்றை பைனரி வரும். மஸ்லோடு வரும் மெமரி அலொகேட்டர் பல த்ரெட் ஓடும்போது மந்தமானது, வேகம் முக்கியம் என்றால் மைமேலாக் மாதிரி வேறொன்றை இணைத்துக்கொள்ளலாம். சாதாரண ஜிலிப்சி (பெரும்பாலான லினக்ஸில் இருக்கும் சி லைப்ரரி) டார்கெட்டிலேயே கட்டுகிறேன் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் லேப்டாப் புதியது, சர்வர் பழையது என்றால் ‘ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்’ என்ற வகையில் எரர் வரும். உபுண்டு 22.04இல் இருப்பது ஜிலிப்சி 2.35, டெபியன் 11இல் இருப்பது 2.31. புதியதில் கட்டியது பழையதில் ஓடாது, பழையதில் கட்டியது புதியதில் ஓடும். ஆகவே சர்வரில் இருக்கும் பதிப்பையோ அதைவிடப் பழையதையோ கன்டெய்னரில் வைத்து அதற்குள் கட்டுங்கள்.

இன்னொரு எரர் ஆளைக் குழப்பியே கொன்றுவிடும். பைனரி கண்ணெதிரே இருக்கிறது, எல்எஸ் போட்டால் தெரிகிறது, ஓட்டும் அனுமதியும் இருக்கிறது, ஆனால் ஓட்டினால் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்கிறது. காணோம் என்று அது சொல்வது உங்கள் பைனரியை அல்ல, அந்த பைனரி தனக்கு வேண்டும் என்று உள்ளே குறித்துவைத்திருக்கும், ஓடும்போது லைப்ரரிகளை இணைத்துத் தரும் டைனமிக் லோடரை. ஜிலிப்சியில் கட்டியதை ஆல்பைன் மாதிரி மஸ்ல் சிஸ்டத்தில் போட்டால் இப்படித்தான் ஆகும். ஏற்றுவதற்கு முன்பே ‘ஃபைல்’ கமாண்டை பைனரி மேல் ஓட்டிப் பாருங்கள், ‘ஸ்டாட்டிக்கலி லிங்க்ட்’ என்று வந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

எச்டிஎம்எல் டெம்ப்ளேட், சிஎஸ்எஸ், படங்கள் எல்லாவற்றையும் பைனரிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். கோலாங் 1.16 முதல், அதாவது 2021 முதல், எம்பெட் வசதி மொழியிலேயே இருக்கிறது, ரஸ்டிலும் இதற்கு வழி உண்டு. பைனரி புதிது, டெம்ப்ளேட் பழையது என்று இரண்டும் முட்டிக்கொள்ளும் ஒரு பெரிய வகைப் பிரச்சினையே இதனால் காணாமல் போகும். நேர மண்டலத் தகவலையும் உள்ளே வைத்துக் கட்ட கோலாங்கில் ஒரு இம்போர்ட் போதும், வெட்டிக் குறைத்த கன்டெய்னர் இமேஜ்களில் அது இல்லாமல் நேரம் சம்பந்தமான கோட் எரர் அடிக்கும். இதே மாதிரி இமேஜ்களில் ரூட் சான்றிதழ்களும் இல்லாமல் இருக்கும், அப்போது வெளியே எச்டிடிபிஎஸ் அழைப்பு எதுவும் போகாது.

பைனரி அளவைக் குறைக்க கோலாங்கில் லிங்கர் ஃப்ளாக்காக மைனஸ் எஸ், மைனஸ் டபிள்யூ கொடுப்பார்கள், ரஸ்டில் ஸ்ட்ரிப் என்ற அமைப்பை ஆன் செய்வார்கள். செய்யலாம், அனுப்ப வேண்டிய அளவு நன்றாகவே குறையும், கோலாங்கில் பேனிக் வந்தால் ஸ்டாக் ட்ரேஸும் வழக்கம்போல வரும். ஆனால் இதனால் மெமரி மிச்சம் என்று நினைக்காதீர்கள், வெட்டி எறிந்த டீபக் தகவல் எப்படியும் மெமரிக்குள் ஏறுவதில்லை.

யுபிஎக்ஸ் விஷயம் இதற்கு நேர்மாறு. பைனரியை அது பாதிக்கும் கீழே சுருக்கிவிடும், பார்க்க ஆசையாக இருக்கும், சின்ன சர்வருக்கு ஏற்றது என்றும் தோன்றும். தொடாதீர்கள். சாதாரண பைனரியின் கோட் பக்கங்கள் டிஸ்கில் இருக்கும் ஃபைலோடு இணைந்தவை, நெருக்கடி வந்தால் கெர்னல் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, தேவைப்படும்போது டிஸ்கிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளும். யுபிஎக்ஸ் போட்டால் ஓட ஆரம்பிக்கும்போதே முழுவதும் மெமரியில் விரிகிறது, அந்தப் பக்கங்களுக்குப் பின்னால் ஃபைல் எதுவும் இல்லை, ஸ்வாப் இல்லாவிட்டால் அவை கடைசி வரை மெமரியில் உட்கார்ந்தே இருக்கும். 10 எம்பி டிஸ்கை மிச்சம் பிடிக்கப் போய் அதைவிட அதிகமாக மெமரியை இழப்பது நல்ல வியாபாரம் இல்லை.

ஸ்வாப் போடுவது

‘ஸ்வாப் போட்டால் மெதுவாகிவிடும்’ என்று சொல்லி வேண்டாம் என்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்வாப் இல்லாத சர்வர் மெமரி நெருக்கடியில் வேகமாக ஓடாது, இன்னும் மோசமாகத்தான் ஆகும். டேட்டாவை வெளியே தள்ள இடமில்லாததால், மேலே சொன்ன அந்தக் கோட் பக்கங்களைத்தான் கெர்னல் தூக்கி எறியும், உடனே அதே கோட் ஓட வேண்டியிருக்கும், திரும்பப் படிக்கும், திரும்ப எறியும். எஸ்எஸ்எச்சில் ஒரு எழுத்தைத் தட்டினால் திரையில் வர அரை நிமிடம் ஆகும் அந்த நிலை பெரும்பாலும் இப்படி வருவதுதான். ஒரு ஜிபி ஸ்வாப் இருந்தால், எப்போதோ ஒருமுறை விழித்துப் பார்க்கும் பின்னணிச் சேவைகள் எல்லாம் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும், அப்டேட் ஓடும் ஐந்து நிமிடமும் பிரச்சினை இல்லாமல் கடந்துவிடும்.

போடுவது ஐந்து படி. ‘எஃப்அலோகேட்’ கொண்டு ரூட்டில் ஒரு ஜிபி ஃபைல் உருவாக்குங்கள், அதற்கு 600 அனுமதி கொடுங்கள், ‘எம்கேஸ்வாப்’ ஓட்டுங்கள், ‘ஸ்வாப்ஆன்’ ஓட்டுங்கள், அப்புறம் இடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் எஃப்எஸ்டேபில் ஒரு வரி சேருங்கள். இந்தக் கடைசி வரியைத்தான் எல்லாரும் மறப்பார்கள், சில மாதம் கழித்து ரீபூட் ஆனதும் ஸ்வாப் காணாமல் போயிருக்கும், அன்றைக்குத்தான் அது எத்தனை வேலை செய்தது என்று தெரியும். ஸ்வாப்பினெஸ் என்ற அளவு இயல்பாக 60 இருக்கும், அதை 10 அல்லது 20க்கு இறக்கிவைத்தால் நம் ஆப்பின் மெமரியை அவசரப்பட்டு வெளியே தள்ளாது. டிஸ்க் ரொம்ப மந்தம் என்றால் இசெட்ரேம் பாருங்கள், அது மெமரியிலேயே சுருக்கிவைக்கும்.

அனுப்புவது, மாற்றுவது

ஓடிக்கொண்டிருக்கும் பைனரியின் மேலேயே ஃபைல் அனுப்பும் எஸ்சிபி கமாண்டை வைத்து எழுதப் பார்த்தால் ‘டெக்ஸ்ட் ஃபைல் பிஸி’ என்று கெர்னல் மறுத்துவிடும். சிலர் சேவையை நிறுத்திவிட்டு ஏற்றுவார்கள், இணைப்பு மெதுவாக இருந்தால் அத்தனை நேரமும் தளம் கிடையாது, பாதியில் அறுந்தால் உள்ளதும் போச்சு. தேவையே இல்லை. ஆர்சிங்க் என்ற ஃபைல் அனுப்பும் கருவி வேறொரு தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி முடித்துவிட்டுத்தான் பெயரை மாற்றும், பழைய ப்ராசஸ் பழைய ஃபைலைப் பிடித்தபடியே ஓடிக்கொண்டிருக்கும். பெரிய பைனரிக்குச் சுருக்கும் ஆப்ஷனையும், பாதியில் நின்றால் தொடரும் ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் விரும்பும் முறை இது. ஆப்ட் ஃபோல்டருக்குள் ஆப் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ரிலீஸ் என்று இன்னொன்று, ஒவ்வொரு பைனரியும் அதில் தேதியும் கிட் கமிட் எண்ணும் சேர்ந்த பெயரோடு போய் உட்காரும், வெளியே ‘கரண்ட்’ என்று ஒரு சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைக் காட்டும் குறுக்குவழி) மட்டும் இப்போதையதைக் காட்டும். புதியது வந்ததும் சிம்லிங்க்கை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட். சரியில்லை என்றால் சிம்லிங்க்கைப் பழையதற்குத் திருப்பிவிட்டு மறுபடி ரீஸ்டார்ட், பத்து நொடி வேலை. சிம்லிங்க்கை ‘எல்என்’ வைத்து நேரடியாக மேலெழுதும்போது நடுவில் ஒரு கணம் அது இல்லாமல் போகலாம், அதனால் புதுப் பெயரில் உருவாக்கி, ‘எம்வி’ கமாண்டுக்கு மைனஸ் பெரிய டி கொடுத்துப் பெயரை மாற்றினால் ஒரே மூச்சில் மாறிவிடும். பழைய பைனரிகளில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி போடுங்கள், சின்ன சர்வரில் டிஸ்கும் சின்னதுதான்.

டேட்டாபேஸ் மாற்றம் கூடவே வந்தால் பழைய பைனரியும் புதிய டேபிள் அமைப்பும் கொஞ்ச நேரம் சேர்ந்து வாழ முடிய வேண்டும். டேபிளில் புது நிரல் சேர்ப்பதை இந்த ரிலீஸில், பழைய நிரலை நீக்குவதை அடுத்த ரிலீஸில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சிம்லிங்க்கைத் திருப்பினாலும் பழையது ஓடாது.

சிஸ்டம்டி யூனிட்

ஸ்க்ரீனிலோ டிமக்ஸிலோ ஆப்பை ஓடவிட்டுப் போவதை எல்லாம் விட்டுவிட்டு, சேவைகளைத் தொடங்கி, விழுந்தால் எழுப்பும் சிஸ்டம்டியிடம் கொடுத்துவிடுங்கள். இடிசிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற ஃபோல்டரில் பதினைந்து வரி யூனிட் ஃபைல் ஒன்று போதும்.

ரூட்டாக ஓட்டாதீர்கள், தனி யூசர் உருவாக்கி ‘யூசர்’ வரியில் போடுங்கள். பாஸ்வேர்ட், சாவி எல்லாம் தனி என்விரான்மென்ட் ஃபைலில், 600 அனுமதியோடு. ‘ரீஸ்டார்ட்’ வரியில் ‘ஆன் ஃபெயிலியர்’. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: விழுந்ததும் மறுபடி எழுப்ப சிஸ்டம்டி இயல்பாக 100 மில்லி செகண்ட்தான் காத்திருக்கும், 10 செகண்டுக்குள் ஐந்து முறை எழுப்பியும் நிற்கவில்லை என்றால் கைவிட்டுவிடும். டேட்டாபேஸ் எழுந்திருக்க ஐந்து செகண்ட் ஆகிறது என்று வையுங்கள், அதற்குள் நம் ஆப் ஐந்து முறையும் விழுந்து எழுந்து தோற்றுப்போய், அப்புறம் யாரும் எழுப்பாமல் அப்படியே கிடக்கும். ‘ரீஸ்டார்ட்செக்’ என்பதை 3 என்று வைத்தால் 10 செகண்டுக்குள் ஐந்து முறை என்ற எல்லைக்கே போகாது, தொடர்ந்து முயன்றுகொண்டே இருக்கும்.

‘மெமரிமேக்ஸ்’ கட்டாயம் போடுங்கள். 512 எம்பி சர்வரில் ஆப்புக்கு 250 எம்பி என்று வைத்தால், ஆப் எல்லை மீறும்போது அந்த ஆப் மட்டும் விழுந்து மூன்று செகண்டில் எழுந்துவிடும். போடாவிட்டால் மொத்த சர்வரும் மூச்சுத் திணறி, எஸ்எஸ்எச்கூட உள்ளே விடாமல், கடைசியில் கண்ட்ரோல் பேனலில் போய் ரீபூட் அழுத்த வேண்டியிருக்கும். ஸ்வாப் இருக்கும் சர்வரில் ‘மெமரிஸ்வாப்மேக்ஸ்’ என்பதற்கும் ஒரு எண் கொடுங்கள், இல்லையென்றால் எல்லையை அடைந்த ஆப் விழுவதற்குப் பதில் ஸ்வாப்பை முழுங்க ஆரம்பிக்கும்.

கோலாங் என்றால் இதோடு ‘கோமெம்லிமிட்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளையும் வையுங்கள், 1.19 பதிப்பில் வந்தது. மெமரிமேக்ஸ் 250 என்றால் இது 200 இருக்கட்டும். குப்பை அள்ளும் வேலையை இயல்பாக கோலாங் ரன்டைம், உயிரோடு இருக்கும் டேட்டா இரண்டு மடங்காகும் வரை தள்ளிப்போடும், இந்த எல்லையைச் சொல்லிவிட்டால் நெருங்க நெருங்க அடிக்கடி அள்ளும். இது மென்மையான எல்லைதான். ஆப்புக்கு உண்மையிலேயே 220 எம்பி தேவை என்றால் 200 என்று வைத்துக் காப்பாற்ற முடியாது, மெமரி மிச்சமாகாமல் சிபியு மட்டும் எரியும். சிகோ வழியாக சி லைப்ரரி பிடிக்கும் மெமரி இந்தக் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். ரஸ்டில் ஜிலிப்சியோடு ஓட்டுபவர்கள் ‘மேலாக் அரீனா மேக்ஸ்’ வேரியபிளை 2 என்று வைத்துப் பாருங்கள், நிறைய த்ரெட் ஓடும் ஆப்பில் ஆர்எஸ்எஸ் இறங்கும்.

நிறுத்தும்போது சிஸ்டம்டி முதலில் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சிக்னல்) அனுப்பும், 90 செகண்ட் பொறுத்துப் பார்த்துவிட்டு சிக்கில் (உடனே கொல்லும் சிக்னல்). ஆப் சிக்டெர்மைப் பிடித்து, புது ரிக்வெஸ்ட் வாங்குவதை நிறுத்தி, கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போக வேண்டும், கோலாங்கின் எச்டிடிபி சர்வரில் ஷட்டவுன் என்றே ஒரு மெதட் இருக்கிறது.

முன்னால் ஒரு ப்ராக்ஸி

ஆப் 127.0.0.1இல் ஏதோ ஒரு போர்ட்டில் மட்டும் கேட்கட்டும், 80, 443 இரண்டையும், ரிக்வெஸ்டை வாங்கி ஆப்பிடம் தரும் ப்ராக்ஸியான கேடியோ என்ஜின்எக்ஸோ பார்த்துக்கொள்ளட்டும். கேடி எளிது, டொமைன் பெயரை எழுதினால் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பிக்கும், கொஞ்சம் கூடுதல் மெமரி கேட்கும். என்ஜின்எக்ஸ் மெமரியில் கஞ்சன், சான்றிதழுக்கு நீங்கள் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். 512 எம்பியிலும் நான் கேடியைத்தான் போடுவேன், 256 எம்பி என்றால் என்ஜின்எக்ஸ்.

ப்ராக்ஸியே வேண்டாம், ஆப்பையே 443இல் கேட்கவைக்கலாமே என்றால், முடியும். மெதுவான இணைப்பில் ஒருவர் 8 எம்பி படத்தை இரண்டு நிமிடமாக ஏற்றும்போது என்ஜின்எக்ஸ் அதை டிஸ்கில் சேர்த்துவைத்து முழுதாக வந்த பிறகே ஆப்பிடம் தரும், அந்தச் சலுகை போய்விடும். என்ஜின்எக்ஸ் இயல்பாக ஒரு எம்பிக்கு மேல் பெரிய ரிக்வெஸ்ட் பாடியை வாங்காது, 413 எரர் தரும். அந்த எல்லையைத் தேவைக்கு ஏற்ப உயர்த்துங்கள், ஆனால் எடுத்துவிடாதீர்கள்.

உச்சம் எங்கிருந்து வருகிறது

மேலே சொன்னதை எல்லாம் சரியாகச் செய்தும் திடீர் திடீரென்று ஆப் விழுகிறது என்றால், கோடுக்குள் ஒரே ரிக்வெஸ்டில் நிறைய மெமரி பிடிக்கும் இடம் ஏதோ இருக்கிறது.

பாஸ்வேர்ட் ஹேஷ் முதல் சந்தேக நபர். பாஸ்வேர்டை ஹேஷாக்கும் ஆர்கான்2 முறையை வேண்டுமென்றே மெமரி தின்னும்படி வடிவமைத்தது. அதை விவரிக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 9106 தரும் இரண்டு பரிந்துரைகளில் சின்னதே ஒரு ஹேஷுக்கு 64 எம்பி. ஆறு பேர் ஒரே நொடியில் லாகின் செய்தால் 384 எம்பி, நம் 250 எம்பி எல்லை அதற்கு முன்பே உடைந்துவிடும். ஆறு பேர்கூட வேண்டாம், லாகின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பாட் போதும். வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப்பின் பரிந்துரையில் 19 எம்பியோடு இரண்டு சுற்று என்ற அமைப்பும் ஏற்கத்தக்கதாக இருக்கிறது, அதற்கு இறங்குங்கள், அதோடு ஒரே நேரத்தில் இரண்டு ஹேஷுக்கு மேல் ஓடாதபடி செமஃபோர் (எத்தனை பேர் உள்ளே என்று எண்ணிக் கட்டுப்படுத்தும் பூட்டு) ஒன்றை வையுங்கள். மூன்றாவது ஆள் அரை நொடி காத்திருப்பார், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அடுத்தது படங்கள். போனில் எடுத்த 4000க்கு 3000 பிக்சல் படம் ஃபைலாக 3 எம்பிதான் இருக்கும், விரித்தால் பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் 48 எம்பி. சிறிதாக்கும்போது மூலமும் நகலும் சேர்ந்து நிற்கும். இதற்கும் ஒரு நேரத்தில் ஒன்று என்று வரிசை வையுங்கள், விரிப்பதற்கு முன்பே தலைப்பகுதியை மட்டும் படித்து நீள அகலத்தைப் பார்த்து, ரொம்பப் பெரிதென்றால் அங்கேயே திருப்பி அனுப்புங்கள். ஃபைல் அளவை மட்டும் பார்த்து அனுமதித்தால், சில கிலோபைட்டில் வந்து பல நூறு எம்பியாக விரியும் படம் ஒன்று போதும் உங்களைப் படுக்கவைக்க.

ஃபைல் ஏற்றுவதில் இன்னொரு ஒளிந்திருக்கும் கண்ணி உண்டு. கோலாங்கின் மல்டிபார்ட் ஃபார்ம், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு ரிக்வெஸ்டுக்கு 32 எம்பி வரை மெமரியில் வைத்துக்கொள்ளும், மிச்சத்தை டெம்ப் ஃபோல்டருக்கு அனுப்பும். டெபியன் 13 முதல் அந்த டெம்ப் ஃபோல்டரே இயல்பாக டிஎம்பிஎஃப்எஸ், அதாவது அதுவும் மெமரிதான். டிஸ்கில் போய்விட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், அது அங்கேயேதான் இருக்கும். டிஎம்பிடிர் வேரியபிளை வார் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப் ஃபோல்டருக்குத் திருப்பிவிடுங்கள், 32ஐயும் 4 ஆக்குங்கள். சிஎஸ்வி ரிப்போர்ட் தரும் பக்கம் இருந்தால், எல்லா வரியையும் ஸ்லைஸில் சேர்த்துக் கடைசியில் அனுப்பாமல், வரி வரியாக எழுதிக்கொண்டே போகும்படி மாற்றுங்கள்.

டேட்டாபேஸ் விஷயத்தில் விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். ஒரே சர்வர், ஒரே ஆப் என்றால் எஸ்க்யூலைட்டை வால் (ரைட் அஹெட் லாக்) மோடில் வைத்து ஓட்டுவது தாராளமாகப் போதும், தனி ப்ராசஸே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைலை அப்படியே காப்பி எடுப்பது பேக்கப் ஆகாது, ‘வேக்யூம் இன்டு’ கட்டளையோ பேக்கப் கட்டளையோ கொடுத்து எடுங்கள். போஸ்ட்கிரஸ்தான் வேண்டும் என்றால் ஷேர்ட் பஃபர்ஸ் இயல்பாக 128 எம்பி, அதை 32, 64க்கு இறக்குங்கள். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் இயல்பாக 100, ஒவ்வொரு இணைப்புக்கும் அங்கே தனி ப்ராசஸ், அதை 20 ஆக்குங்கள். இந்தப் பக்கம் கோலாங்கின் டேட்டாபேஸ் பூலுக்கு இயல்பாக உச்ச எல்லையே கிடையாது, அதற்கும் ஐந்தோ பத்தோ வையுங்கள்.

டாக்கர் பற்றிக் கேட்பார்கள். ஓடும், ஆனால் ஒற்றை பைனரியை ஓட்டுவதற்காக டாக்கர் டீமனையும் கன்டெய்னர்டீயையும் சேர்த்து வளர்க்க வேண்டும், அந்த மெமரியை நான் டேட்டாபேஸுக்குக் கொடுத்துவிடுவேன். கட்டும் மெஷினில் டாக்கர் இருக்கட்டும்.

லாகையும் கட்டிவையுங்கள். லாகைச் சேர்த்துவைக்கும் ஜர்னல்டி இயல்பாக டிஸ்கில் பத்தில் ஒரு பங்கு வரை, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். ஜர்னல்டி கான்ஃபிகில் ‘சிஸ்டம்மேக்ஸ்யூஸ்’ 100 எம்பி என்று வைத்தால் போதும்.

சோதிப்பது

தளம் திறக்கிறது என்று பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். லேப்டாப்பிலிருந்து ‘ஹே’ மாதிரி லோட் கருவி ஒன்றை வைத்து, முகப்புப் பக்கத்தை அல்ல, லாகினையும் படம் ஏற்றும் பக்கத்தையும், இருப்பதிலேயே கனமான ரிப்போர்ட்டையும் ஒரே நேரத்தில் இருபது பேர் தட்டுவதுபோல ஒரு நிமிடம் அடித்துப் பாருங்கள். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் ஆப் பிடித்திருக்கும் மெமரி தெரியும், புதிய சிஸ்டம்டியில் உச்சம் எவ்வளவு என்று பக்கத்திலேயே வரும், பழையதில் அந்தச் சேவையின் சிகுரூப் (கெர்னல் அதன் மெமரிக் கணக்கை வைக்கும் இடம்) ஃபோல்டரில் ‘மெமரி டாட் பீக்’ என்ற ஃபைலைப் படிக்கலாம், கெர்னல் 5.19 அல்லது அதைவிடப் புதியதாக இருக்க வேண்டும். உச்சம் மெமரிமேக்ஸில் முக்கால் பங்குக்குள் நின்றால் சரி.

தாண்டினால் மேலே சொன்ன செமஃபோர்களை இறுக்கிவிட்டு மறுபடி அடியுங்கள். அப்போதும் தாண்டுகிறது, கோடில் வெட்ட இனி எதுவும் இல்லை என்றால் ஒரு ஜிபி சர்வருக்கு மாறிவிடுங்கள். மாறும்போது மெமரிமேக்ஸையும் கோமெம்லிமிட்டையும் புது அளவுக்கு உயர்த்த வேண்டும், பழைய எண்களோடு அப்படியே ஓடவிட்டால் கூடுதலாக வாங்கிய மெமரி ஆப்புக்குப் போய்ச் சேராது.